வெட்டாமல் விட்டது

முடி திருத்துகிறவர்களுக்குத் தொழில் தரும் வியாதி என்று முதுகுவலியைச் சொல்வார்கள், காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைச் சொல்வார்கள். இந்த மனிதருக்கு வாய்தான் வியாதி. மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவரின் பெட்டிக்கடைக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது அவர் கடை. இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, பின்பக்கம் ஒரு குழாய். வருகிறவர்கள் முடி வெட்டிக்கொள்ள வருகிறார்களா, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வருகிறார்களா என்பது அவர்களுக்கே குழப்பம். நேரில் 'மாஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'மிளகாய்'. இரண்டாவது பெயரும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்ட மாஸ்டரின் ஒரே மகன், தலையில் கத்தரி படவிடமாட்டான்.

பையனுக்கு எட்டு வயது. வீட்டில் துரை என்று கூப்பிடுவார்கள். சும்மா வைத்த பெயர் இல்லை. துரைக்குச் சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் துணித்துண்டு உறுத்தக்கூடாது. தட்டில் ஒரு பண்டம் இன்னொன்றைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. மழை வந்தால் வரலாம், ஆனால் தகரக் கூரைமேல் பெய்யக்கூடாது. டாக்டர்கள் ஆட்டிசம் என்று சொல்லி ஆண்டுகள் ஆகிவிட்டன. பேச்சென்று இருந்தது ஏழெட்டு வார்த்தை, அவற்றிலும் பாதி வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே விளங்கும். கத்தரிச் சத்தம் காதருகே கேட்டுவிட்டால் எலும்பை அறுப்பதுபோல அலறுவான். ஆக, தெருவில் பாதித் தலைகளை ஒழுங்குபடுத்துகிற மனிதரின் வீட்டில் தோள்வரை சிக்குப் பிடித்த முடியோடு ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கு வேலை தேடுகிற தெருவுக்கு இதைவிட நல்ல தீனி ஏது?

நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டியதும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் ஞானம் சுரக்குமோ! கை இரண்டும் துணிக்குள் மாட்டிக்கொள்வதால் மிச்சத்தை எல்லாம் வாய் எடுத்துக்கொள்கிறது போலும். வங்கி மேனேஜர் ஒருவர், ஏதோ ஒரு வேரை அரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார். அவர் பிள்ளைக்குக் கொடுத்துப் பலன் கண்டாரா என்றால், அவருக்குப் பிள்ளையே கிடையாது. கைப்பேசிக் கடைக்காரர் வீடியோவாக அனுப்பித் தள்ளுவார். எங்கோ ஒரு நாட்டில் வாய் பேசாத பிள்ளை திடீரென்று பியானோ வாசிக்கும், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அழுவார்கள்.

"உங்க பையன்கிட்டயும் இப்படி ஏதாவது ஒளிஞ்சிருக்கும் மாஸ்டர். தேடிப் பாருங்க."

"தேடினேனே. கட்டிலுக்கடியில என் ஒத்தைச் செருப்பு ஒளிஞ்சிருந்துச்சு."

எல்லாரையும் மிஞ்சியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முகம் முழுக்க சோப்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக ஆரம்பித்தார். "கடவுள் எல்லாருக்கும் இப்படி ஒரு புள்ளையக் குடுத்துட மாட்டாரு தம்பி. தாங்கற சக்தி உள்ளவங்களாப் பாத்துத்தான் குடுப்பாரு."

மாஸ்டர் சவரக்கத்தியை அவர் தாடைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, நிதானமாகக் கேட்டார். "அப்ப உங்களைப் பாத்துட்டு, இந்த ஆளு எதுக்கும் லாயக்கில்லன்னு விட்டுட்டாரா சார்?"

தலைமையாசிரியர் மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார். கத்தி இருந்த இடம் அப்படி.

ஊருக்கே இப்படி வாயால் அடி கொடுத்த மனிதருக்கு, சொந்த அக்காவின் முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலேயே அம்மா போய்விட, தூக்கி வளர்த்தவள் அக்கா. அந்த உரிமையை அவள் இன்றுவரை ஒரு நாளும் சும்மா வைத்ததில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் புருஷனையும் அழைத்துக்கொண்டு தம்பி வீட்டில் வந்து இறங்கினாள். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் துரையின் தலை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னடா கோலம் இது? சம்பந்தி வீட்ல எல்லாரும் வருவாங்க, குடும்பத்தோட நின்னு போட்டோ எடுக்கணும். முடி வெட்டறவன் வீட்ல ஒரு புள்ளைக்கு முடி வெட்ட ஆளில்லையான்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"அவனுக்கு அது தாங்காது அண்ணி," என்றாள் மாஸ்டரின் மனைவி. அச்சகம் ஒன்றில் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். அதிகம் பேசாதவள். புருஷன் இரண்டு பேர் பேச்சையும் பேசிவிடுவதால் அவளுக்கு மிச்சம் இருந்ததில்லை.

"முடிக்கு ஏதும்மா வலி? எல்லாம் நீங்க குடுக்கிற செல்லம். ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. என்னடா, நான் சொல்றது?"

மிளகாய் என்று பெயர் எடுத்தவர், கடைத்தெருவையே நடுங்க வைத்தவர், "சரிக்கா" என்றார்.

மனைவி வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்த அளவுக்காவது மூன்று பேருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. அக்கா பையனின் தலையை மடியில் வைத்து அழுத்தினாள். அக்காவின் புருஷனான மாமா காலைப் பிடித்துக்கொண்டார். கல்யாண வீடுகளில் பந்தி விசாரிப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு பாரம் எதையும் தூக்கியறியாத மாமா அன்றைக்கு அந்த இரண்டு பிஞ்சுக் கால்களைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டும்! மாஸ்டர் வெட்டினார். நெருப்புப் பட்டதுபோலத் துடிக்கிற குழந்தைகள் எத்தனையோ பேருக்கு, கிளிக்கதை சொல்லி, விசிலடித்து, பூப்போல முடி எடுத்த அதே கை. துரை அலறினான், உடம்பை வில்லாக வளைத்தான், மாமாவின் மணிக்கட்டைக் கடித்தான். மாமா கையை உதறிய வேகத்தில் பையனின் தலை திரும்பியது. கத்தரியின் நுனி காது மடலைக் கீறிவிட்டது.

பெரிய காயம் இல்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் அக்கா மடியை உதறிவிட்டு எழுந்துகொண்டாள். துரை அலறலைச் சட்டென்று நிறுத்தினான். சத்தமே இல்லாமல் தவழ்ந்து கட்டிலுக்கடியில் போய், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். தலையில் ஒரு பக்கம் முடி மழுங்கலாக வெட்டுப்பட்டும் மறுபக்கம் தோள்வரை தொங்கிக்கொண்டும் இருந்தது.

மாலையில் மனைவி வந்தாள். தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். கத்துவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

"பாதிதான் ஆகியிருக்கு," என்றாள் அவள். "மீதியை எப்ப வெட்டறதா உத்தேசம்?"

அக்கா அதற்குள் வேறு கணக்கில் இறங்கிவிட்டிருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது தம்பியைத் தனியே இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்த அரைத்தலையோட, காதுல கட்டோட கூட்டிட்டு வந்துடாதடா. போட்டோல பாக்க நல்லாவா இருக்கும்? யாராவது ஒருத்தர் அவனோட வீட்ல இருந்துடுங்க." போட்டோவுக்காகப் பிள்ளையைப் பிடித்து அமுக்கினவள், அமுக்கிய தடம் போட்டோவில் தெரியும் என்று பிள்ளையையே வேண்டாம் என்றுவிட்டாள். மாமா மணிக்கட்டில் பெரிதாக ஒரு கட்டுப் போட்டிருந்தார். பார்த்தால் காயம் அவருக்குத்தான் என்று நினைக்கத் தோன்றும்.

காது ஆறிவிட்டது. துரை ஆறவில்லை. அப்பா கையால் கொடுத்தால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். மாஸ்டர் படியேறுகிறார் என்றாலே மேசைக்கடியில் போய்விடுவான். சுவரில் பின்தலையை 'டங் டங்' என்று மோதிக்கொள்ளும் பழக்கம் ஒன்று புதிதாக வந்தது. மாஸ்டர் குரலை இனிப்பாக்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். பொம்மை வாங்கி வந்து பார்த்தார். கோபித்தும் பார்த்தார். அப்படிக் கோபிக்கும்போது தன் வாயில் அச்சு அசலாக அக்காவின் குரல் வருவதைக் கேட்டு, வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

துரை போய்வரும் பயிற்சி மையத்துக்கு மனைவி அவரை இழுத்துப் போனாள். அதுவரை அந்த இடத்தை அவர் 'பொம்மைக்கடை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு டீச்சர், இருபதுகளில் இருப்பவள். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற முகத்தோடு காலை நீட்டி உட்கார்ந்தார்.

"வீட்ல ஒரு நாளைக்கு எதுக்கெல்லாம் சண்டை வருது?" என்று டீச்சர் கேட்டாள்.

"எதுக்கு வரலன்னு கேளுங்க. பல்லு விளக்க, குளிக்க, சட்டை போட, சாப்பிட, செருப்பு மாட்ட, வெளிய கிளம்ப, திரும்பி வர."

"இதுல எதையெல்லாம் விட்டுடலாம்?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "விட்டுட்டா? பல்லு விளக்காம, சட்டை இல்லாம, காட்டுல கொண்டுபோய் விட்டுடலாமா?"

டீச்சர் கோபப்படவில்லை. "உங்க கடையில ஒரே நேரத்துல பத்து பேரு வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

"அவசரமில்லாதவங்களை அப்புறமா வாங்கன்னு அனுப்பிடுவேன்."

"அதைத்தான் கேக்கறேன். அவனுக்கு ஒவ்வொரு நாளும் பத்து பேரு நிக்கறாங்க. யாரை அனுப்பலாம்னு நீங்கதான் சொல்லணும்."

வழி நெடுக மாஸ்டர் டீச்சரைப் பற்றி மனைவியிடம் பொரிந்து தள்ளிக்கொண்டே வந்தார். பாடம் எடுக்க வந்துட்டா, படிச்ச திமிரு, கல்யாணம் ஆச்சா அந்தப் பொண்ணுக்கு, புள்ள குட்டி உண்டா. மனைவி நடையை எட்டிப்போட்டாள். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும், "முதல்ல பேஸ்ட்டை அனுப்பிடலாம்," என்றாள்.

அனுப்பினார்கள். அந்தக் காரமான பற்பசைதான் இத்தனை காலமும் அவன் வாயை எரித்திருக்கிறது. வெறும் பிரஷ்ஷும் தண்ணீரும் என்றதும் துரை வாயைத் திறந்தான். பித்தான் வைத்த சட்டைகள் எல்லாம் போயின. தலைவழியே போடுகிற பழைய பனியன் துணிச் சட்டைகளில் உள்ளே இருந்த துண்டுகளை மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்ற சட்டம் ஒழிந்தது. துரை ஜன்னலோரம் நின்றபடி, குழி குழியாகத் தடுத்த தட்டில், ஒவ்வொரு குழியாக முடித்தான். தலையில் செம்பால் ஊற்றுகிற குளியல் நின்று, ஈரத் துண்டால் துடைப்பது வந்தது. அச்சகத்தில் இயந்திரச் சத்தத்துக்குக் காதில் மாட்டிக்கொள்ளும் மூடி ஒன்றை மனைவி கேட்டு வாங்கி வந்தாள். முதலில் வீசி எறிந்தான். பிறகு அதை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸியைச் சுவர் வழியாகப் பெரிய மனுஷன்போல் பார்த்துக்கொண்டு நின்றான். அச்சகத்துக் கழிவு அட்டைகளை மனைவி வெட்டி, படம் ஒட்டி, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சுவரில் வரிசையாக மாட்டினாள். குளியலறை, தட்டு, செருப்பு, பயிற்சி மையத்தின் பச்சைக் கதவு. அப்பாவின் கடைக்குக் கத்தரிப் படம் ஒட்டியிருந்தாள். அதை மட்டும் அவன் கிழித்துப்போட்டான். கண்ணாடிப் படம் ஒட்டியதும் விட்டுவிட்டான்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. துரை தெருவுக்கு ஓடிவிடாமல் இருக்க வாசல் கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டால், நாற்காலியை இழுத்து வந்து ஏறினான். ஈரத் துண்டு ஒரு வாரம் பிடித்தது, மறு வாரம் பிடிக்கவில்லை. ஆனாலும் காலை வேளையில் வீடு போர்க்களம்போல இருந்தது மாறி, சந்தைக்கடை அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கமே பெரிய சுகம்.

விட்டுவிடலாம் என்பதில் கல்யாணமும் சேர்ந்துகொண்டது. அக்கா தொலைபேசியில் பொங்கினாள். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா என்றாள்.

"போட்டோல நாங்க யாருமே இல்லைன்னா இன்னும் பாக்க நல்லா இருக்கும்கா," என்றார் மாஸ்டர். அக்காவிடம் அவர் எதிர்த்து வாய் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. வீட்டில் இன்னொரு சத்தம் குறைந்தது.

அப்பாவைக் கண்டால் மேசைக்கடியில் போவது மட்டும் மாறவில்லை. ஒரு நாள் மாஸ்டர் காய்ச்சலில் கடைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தார். துரை அவர் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை நிம்மதியாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பினார். மேசைக்கடி. அப்போதுதான் அவர் தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்த்தார். பவுடர், சோப்பு நுரை, படிகாரம், தைலம், ஊராரின் முடி. அந்த வாசனைதான் அன்றைக்கு அவன் மூக்குக்கு மேல் குனிந்து நின்ற வாசனை.

அதற்கப்புறம் கடையைச் சாத்துவதற்கு முன் பின்பக்கக் குழாயடியில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவார். கைப்பேசிக் கடைக்காரருக்கு இது கண்ணில் குத்தியது. "வீட்டுக்குப் போக முன்னாடி தலைமுழுகறீங்களே மாஸ்டர், அப்படி என்ன தீட்டு?"

"உங்க தலையைத் தொட்டேன்ல."

கீழ்வீட்டுக்காரர் கதைக்குள் வந்தது சண்டைக்காக. ஏதோ ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பவர். பகலெல்லாம் தூங்கவேண்டிய மனிதர். துரை தலையை மோதும் 'டங் டங்' நேராக அவர் கட்டிலுக்கு மேலே விழுந்தது. வீங்கிய கண்களோடு, தலையணை தடம் பதிந்த கன்னத்தோடு, காவலுக்கு எடுத்துப்போகும் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எதற்கு டார்ச் என்று அவருக்கே தெரியாது.

"மனுஷன் தூங்க வேணாமா?" என்று கத்தினார்.

மேசைக்கடியிலிருந்து துரை வெளியே வந்தான். டார்ச்சைப் பார்த்தான். கையை நீட்டினான். மனிதர் அதைப் போட்டார், அணைத்தார். துரை சிரித்தான். மறுபடி போட்டார். மாஸ்டரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

அவர் ஒன்றும் மகான் இல்லை. சோம்பேறி, முணுமுணுப்புக்காரர், தன் சொந்த மகள் ஊரிலிருந்து கூப்பிட்டால் போனை எடுக்காதவர். ஆனால் மறுநாளும் மேலே வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். எப்படியும் தூங்க விடப்போவதில்லை, இங்கேயாவது டீ கிடைக்கும் என்பது அவர் நியாயம். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, டார்ச்சைச் சுவரில் அடிப்பார். துரை வெளிச்சத்தைத் துரத்துவான். மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பையனுக்கு என்ன வியாதி, யார் வழியில் வந்தது, வேர் அரைத்துக் கொடுத்தீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. அக்கறை இல்லாததுதான் காரணம். அக்கறை என்ற பெயரில் அந்தக் குடும்பம் பட்டதற்குப் பிறகு, இந்த அக்கறையின்மை மழைக்கு ஒதுங்கிய இடம்போல இருந்தது.

முடி மறுபடி வளர்ந்தது. வெட்டின பக்கம் குட்டையாகவும் வெட்டாத பக்கம் நெட்டையாகவும் கொஞ்ச காலம் அலைந்தது. "புது ஸ்டைலா மாஸ்டர்?" என்பவர்களிடம், "உங்களுக்கும் வெட்டி விடட்டுமா?" என்று கத்தரியை எடுப்பார். துரையின் தலைப்பக்கம் கத்தரி போகவே இல்லை. நெற்றியில் விழாமல் ஒரு துணிப்பட்டை, அவ்வளவுதான்.

ஒரு மாலை குளித்துத் துடைத்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். துரை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. தரதரவென்று அலமாரிவரை இழுத்துப்போய், இறுகிக் கிடந்த பாட்டில் மூடியின்மேல் அந்தக் கையை எடுத்து வைத்தான். மாஸ்டர் மூடியைத் திறந்தார். துரை பாட்டிலை வாங்கிக்கொண்டு, கையைத் திருப்பி அவரிடமே விட்டுவிட்டு நடந்தான்.

"பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னார். "துரைகிட்ட நமக்கு மூடி திறக்கிற உத்தியோகம் கிடைச்சிருக்கு." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. இப்போதுதானே குளித்துவிட்டு வந்தீர்கள் என்று மனைவி கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் கீழ்வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். "நான் டூட்டிக்குப் போற வரைக்கும் இங்கதானே கிடக்கப்போறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போய்த் தொலைங்களேன். வீடாவது அமைதியா இருக்கும். பையன் சத்தத்தைவிட உங்க சத்தம்தான் ஜாஸ்தி."

இருவரும் வெளியே வந்து தெருமுனையில் நின்றார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை. துரை பிறந்ததிலிருந்து இருவரும் சேர்ந்து போன இடங்கள் ஆஸ்பத்திரியும் பயிற்சி மையமும்தான். சினிமாவா என்றார் அவர். தலை வலிக்கும் என்றாள். ஓட்டலா என்றார். அங்கே உட்கார்ந்து என்ன பேசுவது என்றாள். அதற்காக ஒரு சின்னச் சண்டை பிடித்தார்கள். வந்து நின்ற பஸ்ஸில், அது எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறினார்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பைண்டிங் பசை காய்ந்த விரல்கள் மடியில் விரிந்து கிடந்தன. பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் தலை நழுவாமல் மாஸ்டர் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொடுத்தார்.

முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முகம் நிறைய நல்லெண்ணம்.

"என்ன சார், அம்மாவுக்கு உடம்பு முடியலையா? இப்படிச் சோர்ந்து தூங்கறது நல்லதில்ல. ரத்தக் குறைவா இருக்கும். எங்க வீட்லயும் இப்படித்தான், நான் என்ன பண்ணேன்னா..."

மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. அந்த மனிதரின் காதோரத்தையும் பிடரியையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு முடி வெட்டினது யாரு சார்?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில பாருங்க."

அந்த மனிதர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி நிறுத்தம்வரை ஒரு கை பிடரியைத் தடவியபடியே இருந்தது. மாஸ்டர் மனைவியை எழுப்பவில்லை. நடத்துநர் வந்து நின்றபோது, குரலைத் தாழ்த்தி, இதே பஸ்ஸில் திரும்பிப் போவதற்கும் சீட்டுக் கேட்டார்.